முகம் கேட்காதே, ஊர் கேட்காதே

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தாரே, கவனித்தீர்களா அக்கா? "இன்னைக்காவது எறங்குவியா பாப்பா, இல்ல விளாத்திகுளத்துக்கே சேத்துக் கிழிச்சிரவா?" என்றாரே, அதில் விஷயம் இருக்கிறது. இன்றோடு மூன்று சனிக்கிழமை. மூன்று வாரமும் அருப்புக்கோட்டையில் இதே பஸ்ஸில் ஏறி, கருவேலம்பட்டி விலக்குக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டு வாங்கினேன். போன இரண்டு தடவையும் இறங்கவில்லை. விலக்கு வந்தது, விசில் கொடுத்தார், பஸ் நின்றது. நான் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். முதல் தடவை தூங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இரண்டாவது தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே மீதி தூரத்துக்கு டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார்.

நான் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை அக்கா. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் இன்னொரு கரண்டி வேண்டுமென்றால்கூடக் கேட்கமாட்டேன். விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பதுதான் வேலை. நீங்கள் டெய்லர்தானே? இடது கட்டைவிரல் முழுக்க ஊசிப் புள்ளி. ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டு அம்மாவின் ஜாக்கெட்டில் கை ஏற்றின இடத்தைத்தான் முதலில் பார்த்தீர்கள். பார்த்து உதட்டைப் பிதுக்கினீர்கள். சரியாகச் சொன்னேனா? சிரிக்கிறீர்கள்.

உங்களிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. விலக்கில் இறங்கினால் இதையே ஒருவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டால் தைரியம் வரும் என்று நினைக்கிறேன். பந்தல்குடி தாண்டிவிட்டது. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். நீங்கள் விளாத்திகுளத்தில் இறங்கி உங்கள் வழியில் போய்விடுவீர்கள். என் பெயர்கூட உங்களுக்கு வேண்டாம்.

மடியில் இருக்கிற பை என்னுடையது இல்லை. முனீஸ்வரியுடையது. என் ரூம்மேட். மதுரையில் வேலை பார்க்கிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் அது. அவள் போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை மைதானத்தில் தேர்வு. ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். பைக்குள் அவளுடைய ஸ்பைக்ஸ் ஷூவும் ஹால்டிக்கெட்டும் இருக்கின்றன. அவள் கருவேலம்பட்டியில் அவள் வீட்டில் இருக்கிறாள். போன் அவளிடம் இல்லை, அண்ணன் வாங்கிவைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை அவளை விடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கக் காரணம் நான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பத்திரிகை அடிக்கிற கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். ஒரே பிள்ளையாரை வருஷத்துக்கு நானூறு தடவை வைப்பேன். அந்த அலுப்புக்குத்தான் காமிக்ஸ். படக்கதை அக்கா. சின்னப் பிள்ளைகள் படிப்பது மட்டும் இல்லை. நான் படிப்பது வெளிநாட்டுக் கதை. அதில் இரண்டு பெண்கள். மாரென் கலங்கரை விளக்கத்தில் வளர்ந்தவள். உள்ளங்கையிலிருந்து வெளிச்சம் வரும். தேஸ் கப்பல் உடைக்கிற இடத்தில் வேலை செய்தவள். எவ்வளவு பெரிய இரும்பையும் தூக்குவாள். இரண்டு பேரும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றுவார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆமாம், நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில்தான். லெஸ்பியன். இந்தச் சொல்லை நூறு தடவை எழுதியிருக்கிறேன் அக்கா, வாயால் சொல்வது இதுதான் முதல் தடவை. முகத்தைச் சுளிக்கிறீர்களா? ஓ, வெயிலா? ஷட்டரை இறக்கிவிடுகிறேன்.

இந்த இரண்டு பேருக்காக டெலிகிராமில் தமிழில் ஒரு குழு இருக்கிறது. இருநூற்று நாற்பது பேர். கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், கிள்ளான் என்று எங்கெங்கேயோ இருப்பவர்கள் என்று எழுத்தை வைத்து நான் ஊகித்திருக்கிறேன். யாரும் சொல்லமாட்டார்கள். குழுவில் சேரும்போதே முதல் விதி அதுதான்: முகம் கேட்காதே, ஊர் கேட்காதே. எல்லாருக்கும் புனைபெயர். எனக்கு மைத்துளி. குழுவை நடத்துகிறவருக்கு வெள்ளிக்கிழமை. மாரெனுக்கு விளக்கக்கா, தேஸுக்கு இரும்பக்கா என்று பெயர் வைத்திருந்தோம். நடிகருக்கு ரசிகர்கள் பேனர் வைக்கிறார்கள் இல்லையா, அதுமாதிரி நாங்கள் அவர்களைப் படம் வரைவோம். ஒரு வித்தியாசம், கதையில் வராததையும் வரைவோம். இரும்பக்கா விளக்கக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பது. இரண்டு பேரும் ஒரே குடையில் ரேஷன் வரிசையில் நிற்பது. உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்களுக்கும் சிரிப்புத்தான். ஆனால் அதை நூறு பேர் சேமித்து வைத்துக்கொள்வார்கள்.

சண்டையும் உண்டு. முப்பத்தோராம் இதழ், பதினேழாம் பக்கம். பாலம் இடிகிறது, தண்ணீர் ஏறுகிறது, தேஸ் மாரெனை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள். அந்தப் படம் வந்த மாதம் எல்லாருக்கும் கொண்டாட்டம். அடுத்த மாதம் கம்பெனிக்காரர்கள், 'அவர்கள் நெருங்கிய தோழிகள்' என்று பேட்டி கொடுத்துவிட்டார்கள். குழு இரண்டாக உடைந்தது. தோழிக் கட்சி, ஜோடிக் கட்சி. ஜோடிக் கட்சிக்கு நான்தான் வாய். நேரில் ஊமை, எழுத்தில் பெரிய வாயாடி. நான் எழுதினது எனக்கு மனப்பாடம். 'உதவிக்குத் தூக்கப்படுகிறவள் பயத்தில் கண்ணை மூடிக்கொள்வாள், இல்லையென்றால் கீழே தண்ணீரைப் பார்ப்பாள். மாரென் எங்கே பார்க்கிறாள்? பாலம் இடிந்து விழுகிற நேரத்தில் தேஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கண் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.' அறுபது பேர் இதயம் போட்டார்கள். தோழிக் கட்சிக்காரர்கள் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

முனீஸுக்கும் இந்தக் கதையைச் சொல்வேன். இங்கிலீஷ் அவளுக்குத் தடுமாறும், அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் திருப்புவேன். முதல் நாள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏ பென்சிலு, என்னடி இது, மழைக்கோட்ட இறுக்கிக் கட்டிக்கிட்டு பறக்காளுக?" என்றாள். என்னைப் பென்சில் என்றுதான் கூப்பிடுவாள். பிறகு பதினேழாம் பக்கம் வந்தது.

"இவளுக ரெண்டு பேரும் என்ன?" என்று கேட்டாள்.

"ஜோடி" என்றேன்.

அந்தப் பக்கத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். "அப்பிடியெல்லாம் புஸ்தகத்துல போடுவாங்களா?" என்றாள். பிறகு, "சரி, திருப்பு" என்றாள்.

அதற்கப்புறம் அவள்தான் என்னை நச்சரிப்பாள், அடுத்த இதழ் வந்துவிட்டதா என்று. முப்பத்தாறாம் இதழில் மாரெனை வேறு கிரகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். முனீஸுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டு பேரையும் ஒண்ணா இருக்க விட்டா இவனுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு மைதானத்தில் குண்டை வழக்கத்தைவிட ஒரு முழம் அதிகமாக எறிந்தாளாம். வந்து சொன்னாள்.

போட்டோ எடுக்கலாம் என்றது நான்தான். அந்தப் பதினேழாம் பக்கத்தை என் கையால் வரைய ஆசை. பாலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், நம் ஊர் மொட்டைமாடி போதும். ஆனால் ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கும்போது தோள் எங்கே ஏறும், மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்று பார்க்காமல் எனக்கு வரைய வராது. பார்த்து வரைய ஒரு படம் வேண்டும். அதற்கு ரெஃபரன்ஸ் என்று பெயர். அவ்வளவுதான் அக்கா அந்தப் போட்டோ. ரெஃபரன்ஸ்.

ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடுகிற நேரம். தண்ணீர்த் தொட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து, பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு ஓடினேன். முனீஸ் என்னை ஒரே வீச்சில் தூக்கிவிட்டாள். "ஒனக்கு ஒரு குண்டு எடதான் இருக்கு, சாப்பிட மாட்டியா?" என்றாள். அப்படியே இருபது தடவை உட்கார்ந்து எழுந்தாள், பயிற்சியாம். நான் கத்தினேன். அவள் சிரித்தாள். கொடியில் கிடந்த யாருடைய நைட்டியோ முகத்தில் அடித்தது. இறக்கிவிட்ட பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கயும் போட மாட்டல்ல?" என்று கேட்டாள்.

"சத்தியமா" என்றேன்.

பாருங்கள், கேட்டாள். சும்மா இல்லை, கேட்டுவிட்டுத்தான் விட்டாள்.

பதினொரு நாள் வரைந்தேன். முதலில் பென்சிலில், கடையில் ஒதுக்குகிற வீணாய்ப்போன காதுகுத்துப் பத்திரிகைத் தாளின் பின்பக்கத்தில். பிறகு அதைப் போட்டோ பிடித்து, கடைக் கம்ப்யூட்டரில் வண்ணம் கொடுத்தேன். குழுவில் போட்ட அன்றைக்கு என் போன் சூடாகிவிட்டது. அப்படி ஒரு பாராட்டை நான் பார்த்ததே இல்லை. யாரோ வெளியே எடுத்துப் போட்டார்கள், ஆயிரக்கணக்கில் போனது. மறுநாள் மதியம் ஒருத்தர் எழுதினார். எலும்புத்துண்டு என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தவர், தோழிக் கட்சிக்காரர். 'இது மைத்துளி வரைந்தது இல்லை. ஏஐ போட்ட படம். நேற்று வரைக்கும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வரைந்துகொண்டிருந்தவருக்கு இன்றைக்கு எப்படி மணிக்கட்டு வந்தது?'

இப்போதெல்லாம் இந்தக் குற்றச்சாட்டு வந்தால் நிரூபிக்க வேண்டும் அக்கா. அதுதான் வழக்கம். பென்சிலில் போட்ட முதல் கோட்டைக் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் ரெஃபரன்ஸைக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெளியே போக வேண்டியதுதான். நான் பென்சில் தாளைத் தேடினேன். பையில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இல்லை. கடைக்குப் போன் போட்டேன், வீணாய்ப்போன தாளையெல்லாம் காலையில்தான் எடைக்குப் போட்டோம் என்றார்கள். அதோடு போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். எலும்புத்துண்டு, 'என்ன சத்தத்தையே காணோம்?' என்று கேட்டார். மாலை நான்கு மணி. முனீஸ் மைதானத்தில் இருந்தாள். ஆறு மணிக்கு வந்துவிடுவாள். இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் அவளிடம் கேட்டிருக்கலாம். நான் பொறுக்கவில்லை. பிள்ளையாரை வைத்தபோது யாரும் என்னைத் திருடி என்று சொன்னதில்லை. இது நானாக வரைந்தது.

போட்டோவைப் போட்டேன்.

என் முகத்தின் மேல் ஒரு கறுப்பு வட்டம் வைத்துவிட்டுப் போட்டேன்.

அவள் முகத்தில் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்றால், படத்தில் இருக்கிற முகச்சாயலும் போட்டோவில் இருக்கிறதும் ஒன்று என்று காட்ட வேண்டும் இல்லையா? நிரூபணத்துக்கு முகம் தேவைப்பட்டது. என் முகம் தேவைப்படவில்லை. அதுவும் அந்தப் போட்டோவில் நான் நன்றாக இல்லை, வாய் பாதி திறந்து, தலை கலைந்து, அசிங்கமாக இருந்தேன். அதனால்தான் மறைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

முகம் ஆயிற்றா? ஊரையும் கேளுங்கள். அவள் போட்டிருந்தது ஊர்க் கபடிக் குழு பனியன். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'கருவேலம்பட்டி' என்று இருந்தது. நான் வரையும்போது அந்த எழுத்துகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரும்பக்காவின் சம்மட்டிச் சின்னத்தை வைத்தேன். ஒரு நாள் முழுக்க அந்தச் சின்னத்துக்கே செலவழித்தேன். அப்படியென்றால் எழுத்து அங்கே இருந்தது எனக்குத் தெரியும் இல்லையா? நன்றாகத் தெரியும். போட்டோவில் அதை அழிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறவள் நான்.

குழுவில் ஒரே ஒரு ஆள், வெள்ளிக்கிழமை, உடனே கேட்டார். 'மைத்துளி, அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?' நான், 'கேட்டேன்' என்று எழுதினேன். எலும்புத்துண்டு மன்னிப்புக் கேட்டார். இருநூறு இதயம் விழுந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, அதற்கப்புறம் மூன்று நாள் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அந்த மூன்று நாளும் முனீஸ் என் பக்கத்துக் கட்டிலில் தூங்கினாள். வெந்நீர் எடுக்கப் போகும்போது வழக்கம்போல எனக்கும் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாக மறந்துபோய்விடும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. கிழமையைச் சொல்கிறேன். அவள் அண்ணன் வந்துவிட்டார்.

படத்தையும் போட்டோவையும் யாரோ பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, மேலே அசிங்கமாக ஒரு வரி எழுதிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அது கபடிக் குழுப் பையன்களின் வாட்ஸ்ஆப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அண்ணன் பெயர் கருப்பசாமி. கருவேல விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர். நகமெல்லாம் கறுப்பு. நான் ஒரு ராட்சசனை எதிர்பார்த்தேன். அவர் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து, வார்டன் உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தார். இந்த ஸ்பைக்ஸ் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். ஊரில் முதல் போலீஸ்காரி என் தங்கச்சிதான் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பாராம், முனீஸ் சொல்வாள்.

முனீஸ் சுவர் ஓரமாக நின்றாள். "யாருடி அந்தப் புள்ள?" என்று அண்ணன் கேட்டார். மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னாள்:

"யாரா இருந்தா என்ன? தூக்குனது நான்தான்."

என்னை வரச்சொல்லி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார். "நீங்கதான் ரூம்ல கூட இருக்கறதாம்மா?"

"ஆமாண்ணே."

போனை நீட்டினார். "இந்த மூஞ்சிய மறைச்சிருக்கே, இந்தப் புள்ளையத் தெரியுமா?"

பார்த்தேன். முனீஸின் கைமேல் தொங்கிக்கொண்டிருந்த கால்களில் கொலுசு. மூன்று முத்து வைத்த கொலுசு. அதே கொலுசு அப்போது என் காலில், அவர் கண்ணுக்கு நேரே கீழே இருந்தது. நாற்காலிக்கு அடியில் காலை மெதுவாக இழுத்துக்கொண்டேன்.

"தெரியாதுண்ணே" என்றேன்.

"போட்டாவ வெளிய விட்டவளும் அவதானாம். சிக்கட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்களப் பாத்தா நல்ல பிள்ளையாத் தெரியுது. கூட இருந்து அவளக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாமேம்மா" என்றார். வார்டன், "சுகன்யா வாயே தெறக்காத பொண்ணு சார்" என்றார்.

அடடா. பெயரைச் சொல்லிவிட்டேன். போகட்டும்.

அரை மணி நேரத்தில் முனீஸ் ஒரு துணிப்பையோடு இறங்கினாள். இந்தப் பையை எடுக்கவிடவில்லை. "இனி ஓட்டம் என்ன ஓட்டம்" என்றாராம் அண்ணன். படிக்கட்டில் நான் நின்றிருந்தேன். அண்ணன் அவளுக்குப் பின்னால் வந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் என்னைத் தாண்டும்போது நின்றாள். இரண்டு வருஷமாக என்னை ஏ பென்சிலு என்று கூப்பிட்டவள், ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் சொல்கிற மாதிரி, "வர்றேங்க்கா" என்றாள்.

அக்கா என்றாள் என்னை. என்னைவிட ஒரு வயது மூத்தவள் அவள்.

அவ்வளவுதான். குழுவிலிருந்து போட்டோவை எடுத்தேன். எடுத்து என்ன பயன், அது ஊர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. 'அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை' என்று வெள்ளிக்கிழமைக்கு எழுதினேன். அவர், 'தெரியும்' என்று ஒரே சொல் எழுதினார். குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இறங்கினால் சரியாக இருக்காது. ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இந்தப் பையைத் திறந்து அவள் ஷூவை எடுத்துப் பார்த்தேன். வலது ஷூவுக்குள் ஒரு தாள், நான்காக மடித்து. பிரித்தால் காதுகுத்துப் பத்திரிகை. பின்பக்கம் என் பென்சில் படம். எடைக்குப் போய்விட்டது என்று நான் நினைத்த தாள். முதல் கோடு, அழித்துப் போட்ட மணிக்கட்டு எல்லாம் அதில் அப்படியே இருந்தது. அதை மட்டும் காட்டியிருந்தால் போதும், போட்டோவே வேண்டியதில்லை. ஆறு மணி வரைக்கும் பொறுத்து, "முனீஸ், அந்தத் தாளைப் பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பாள். ஓடுகிற ஷூவுக்குள் எதற்கு வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஷூ வடிவம் கெடாமல் இருக்கத் தாள் திணித்து வைப்பார்கள் இல்லையா, அதற்காக இருக்கும். ஆனால் இடது ஷூவில் செய்தித்தாள்தான் இருந்தது. அதுவும் கசக்கித் திணித்தது. இது மடித்து வைத்தது. என் வேலைமேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. நான் செய்தது இது.

புதூர் தாண்டிவிட்டதா? சரி. என்ன சொல்வது என்று எழுதி மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன். கேளுங்கள். 'அண்ணே, அந்தப் போட்டோவில் இருக்கிறது நான். அதை வெளியே விட்டதும் நான், முனீஸுக்குத் தெரியாது. நாங்கள் தோழிகள்தான், படம் வரையத்தான் எடுத்தோம். அவளைச் செவ்வாய்க்கிழமை அனுப்பிவையுங்கள்.' நான்கு வரி. அடிப்பார் என்றால் அடிக்கட்டும்.

என்ன? மூன்றாவது வரியைச் சொல்லும்போது மட்டும் ஏன் வெளியே பார்த்தேன் என்கிறீர்களா? மாடு போனது அக்கா.

நம்பவில்லையா? போட்டோவையே காட்டுகிறேன். கறுப்பு வட்டம் இல்லாத போட்டோ என் போனில் மட்டும்தான் இருக்கிறது. அண்ணனிடம் காட்டத்தான் வைத்திருக்கிறேன். பார்த்தால் விளையாட்டாக எடுத்தது என்று யாருக்கும் புரிந்துவிடும். வேறு யாருக்கும் காட்டினதில்லை. இந்தாருங்கள். பனியனைப் பெரிதுபண்ணிப் பார்க்காதீர்கள், அக்குள் தையல் விட்டிருக்கும். இது முனீஸ். என்ன தோள் பாருங்கள். இது நான். சொன்னேனே, வாய் பாதி திறந்து, அசிங்கமாக.

அசிங்கமாக இல்லையா?

என்ன சொன்னீர்கள்? பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. இல்லை, கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"அந்தப் பொண்ணு நேரா போனப் பாக்கா. நீ அவ மூஞ்சியத்தான் பாக்க."

அது... டைமர் எந்த நேரத்தில் அடிக்கும் என்று தெரியாது அக்கா. பத்து விநாடி. திரும்பின நேரத்தில் எடுத்திருக்கும். அவள் இருபது தடவை உட்கார்ந்து எழுந்தாளா, எனக்கு விழுந்துவிடுவோமோ என்று பயம். பயந்தால் யாரும்...

கொடுங்கள் இங்கே.

பதினேழாம் பக்கம்.

ஆமாம் அக்கா. கண் இருக்கிறவர்களுக்குத் தெரியும் என்று நான்தான் எழுதினேன். அறுபது பேர் இதயம் போட்டார்கள். அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று நினைக்கிறீர்கள்? ஷூவுக்குள் மடித்து வைத்திருந்தாள் என்றேனே, அதற்கு முன்னாலேயே தெரியுமா? "சரி, திருப்பு" என்றாளே, அப்போதேயா? நான் அசிங்கமாக இருந்ததாலா மறைத்தேன்? இருபத்துநான்கு வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு நன்றாக எடுத்ததில்லை.

விசில் கொடுக்கிறார். "கருவேலம்பட்டி வெலக்கு, பாப்பா, எறங்குறதுன்னா எறங்கு!" கேட்டீர்களா, எவ்வளவு நம்பிக்கை இல்லாமல் கூப்பிடுகிறார்.

இல்லை அக்கா, பை கனமில்லை, நானே எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு வரியை அண்ணனிடம் சொல்லிவிடுவேன். வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிடுவேன், கொலுசு தெரிகிற மாதிரி நின்று. செவ்வாய்க்கிழமையையும் சொல்லிவிடுவேன். அந்த மூன்றாவது வரி மட்டும் வேண்டாம். அதைச் சொல்வதா வேண்டாமா என்று முதலில் முனீஸிடம் கேட்க வேண்டும். இந்தத் தடவை கேட்க வேண்டும்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் அக்கா. இறங்கணும்.